மல்லாட்டை இல்லாத மான் படம்

இன்று காலை சின்னசேலத்தில் பஸ் மாறி, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சரணாலயத்துக்கு வெளிமான் படம் எடுக்கப் போனேன். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நிற்பீர்கள்.

சரணாலயத்தில் மான் பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருந்தது. நிஜ மான் வேலிக்கு வெளியே, ஒருவரின் மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைச் செடியைத் தின்றுகொண்டிருந்தது.

கொல்லைக்காரர் என் கேமராவைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"சார், தொரத்தாம நிக்கறேன். மேஞ்சிகினு இருக்கும்போதே ஒரு போட்டோ புடிச்சிக் குடுங்க. நஷ்டம் கேட்டா பாரஸ்ட் ஆபீஸ்ல சாட்சி எங்கன்றாங்க."

எங்கள் போட்டோ குழுவின் அட்மின் என் ஒவ்வொரு படத்தின் கீழும் "பின்னணி குப்பை" என்று எழுதுகிறவர். இந்த முறை அவர் வாயை அடைக்க, பின்னணி முழுவதையும் மங்கலாக்கி எடுத்தேன். கறுத்த முதுகு, முறுக்குக் கொம்பு. நான் எடுத்ததிலேயே சிறந்த படம். அடுத்த நொடி மான் ஓடிவிட்டது.

கொல்லைக்காரரிடம் காட்டினேன்.

"சூப்பரா கீது சார். என் மல்லாட்ட எங்க?"

"இந்தப் பச்சைதாங்க."

"இத்தக் காட்டுனா பெயிண்ட்டான்னு கேப்பாங்க சார்."

வெறும் காம்பாக நின்ற கொல்லையையும் எடுத்தேன்.

"இதுல மானு இல்லியே," என்றார், கோபமே இல்லாமல்.

இரண்டையும் கீழே போட்டிருக்கிறேன். முதல் படத்தில் மான் இருக்கிறது, பயிர் இல்லை. அடுத்ததில் இரண்டுமே இல்லை. நீங்கள் எதற்கு ஹார்ட் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். போடுங்கள்.