இத்தாவில் முளைத்த எலுமிச்சை

என் கணவர் மவுத்தான மூன்றாம் நாள், நாமக்கல்லில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் எலுமிச்சை சர்பத் கலக்கிக் கொடுத்தவர்கள், கொட்டைகளை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான்தான் கையை விட்டு அள்ளினேன். அவற்றை ஏன் குப்பையில் போடவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்துபோனார்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாமல் இத்தா இருக்க வேண்டும். அது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. இரு என்றால் இருப்பேன், நட என்றால் நடப்பேன், அப்படித்தான் கிடந்தேன். இத்தா முடிந்ததும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு, கோயம்புத்தூரில் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போவதாக மகன் சொன்னான். அதற்கும் சரி என்றேன்.

எலுமிச்சைக் கொட்டை காய்ந்தால் முளைக்காது. வழவழப்புப் போகக் கழுவி, ஈரத்தோடு மேல்தோலை நகத்தால் உரித்தேன். வேறு வேலைதான் என்ன இருந்தது? அவர் முட்டை வியாபாரி. வீட்டோடு ஒட்டிய கடை மூடிக் கிடக்க, உள்ளே அட்டை ட்ரேக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இரண்டை எடுத்து, குழிகளில் மண் நிரப்பி, குழிக்கு ஒரு கொட்டை ஊன்றி, முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் வைத்தேன்.

சில வாரங்களில் முளை வந்தது. ஒரு கொட்டை போட்ட குழியில் இரண்டு செடி. நான் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன்.

"அது அப்படித்தான் வருமுங்க்கா. சின்னதைக் கிள்ளிப் போட்டுருங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் கிள்ளவில்லை. பாசமெல்லாம் இல்லை, சோம்பல்தான்.

அவள் கோழிப் பண்ணையில் வேலை பார்ப்பவள். எங்கள் ஊரில் எந்தச் செடி சுணங்கினாலும் கோழி எருதான் வைத்தியம். என் செடிகள் மெதுவாக வளர்வது பொறுக்காமல், ஒருநாள் பை நிறையக் கொண்டுவந்து தாராளமாகத் தூவினாள். மக்காத பச்சை எரு. அதன் சூட்டில் இலை ஓரங்கள் கருகின, தண்டுகள் கறுத்துச் சாய்ந்தன.

"அய்யோ சாமி, நானே கொன்னுபோட்டனே!" என்று அவள் அழுதாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பரவாயில்லை என்றேன். நிஜமாகவே பரவாயில்லை என்றுதான் இருந்தது. அதை நினைத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இவள் அழுகிறாள், எனக்கு என்ன ஆகிவிட்டது?

எரு விழாத ஓரத்தில் ஐந்தாறு செடிகள் தப்பித்தன. அவற்றைப் பைகளுக்கு மாற்றினேன்.

இத்தா முடிந்ததும் மகன் கார் கொண்டுவந்தான். செடிப் பைகளை எடுத்து வண்டிப் பக்கத்தில் வைத்தேன்.

"விதையில வந்தது காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும்மா. இங்கயே விட்டுருங்க. அங்க பால்கனிக்கு, காயோட இருக்கற ஒட்டுச்செடியா வாங்கித் தர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உன்னை யாருடா காய் கேட்டா?" என்று கத்தினேன்.

இரண்டு பேருமே திடுக்கிட்டோம். அவர் போன பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது.

"நான் வரலை. நீ கிளம்பு."

மதியம் வரை கெஞ்சினான். பிறகு சாப்பிட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினான்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். இனி இந்த வீட்டில் நான் மட்டும்தான். முற்றத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரி பதறி ஓடி வந்தாள். "என்னாச்சுங்க்கா? மிச்சச் செடியும் செத்துப்போச்சுங்களா?"

"இல்லம்மா" என்றேன். "அவரு மவுத்தாயிட்டாரு."