ரத்த வங்கி கூப்பிடாத ஆண்டு

பீன்யா தொழிற்பேட்டையின் லேத் பட்டறைக்கு ரத்த வங்கியிலிருந்து போன் வந்தால், போர்மேன் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துவார்: "ரெமிஜியஸ், உன் மாமியார் வூட்லருந்து!" எளிதில் கிடைக்காத ரத்த வகை ரெமிஜியஸுக்கு. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் கூட்டாளி மஞ்சுநாத் காபி 'பை-டூ' சொல்லுவான். ஒரு காபி, இரண்டு கிளாஸில் பாதிப் பாதி.

தொண்ணூற்றெட்டில் போன் நின்றுபோனது.

"ஏன்ப்பா, மாமியார் கோவிச்சுக்கினாங்களா?" என்றான் மஞ்சுநாத்.

அவரே போய்க் கேட்டார். வங்கி டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். கடைசியாகக் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கலாம் என்று சோதனை காட்டியதாம், அழித்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய் முழுதாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

விவேக் நகர் வீட்டுக்கு வந்து மனைவி நோராவிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். தன் ரேசரை எடுத்து யார் கையும் படாதபடி பரண்மேல் வைத்தார்.

"எங்கனா போனீங்களா?" ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

"இல்லம்மா."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆலோசகர் சிந்து, முதல் சோதனை இங்கேயும் 'இருக்கிறது' என்றே காட்டுவதாகச் சொன்னபோது நோரா ரெமிஜியஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கக்கா, இன்னும் முடிக்கல. அதே ரத்தத்த வேற ரெண்டு விதமாப் பாத்தோம். ரெண்டுலயும் இல்ல."

"அப்ப மொதல் டெஸ்ட் பொய்யா?" என்றார் ரெமிஜியஸ்.

"அது எல்லாத்தையும் சந்தேகப்படும்ணா. ஒண்ணுகூடத் தப்பிடக் கூடாதுன்னு செஞ்சது. இல்லாததையும் சில சமயம் இருக்குன்னும். ஒரு பாட்டில் ரத்தத்த ஒதுக்க அந்தச் சந்தேகம் போதும். ஒரு மனுஷனுக்கு நோய்னு சொல்லப் போதாது. ஆனா நோய் புதுசா வந்திருந்தா மத்த ரெண்டு டெஸ்ட்டும் அதக் கண்டுபிடிக்காமப் போயிடலாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

அந்த மூன்று மாதத்தில் பட்டறைக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. மஞ்சுநாத் தனியாக முழுக் காபி சொல்லத் தொடங்கினான்.

மறுபடி பார்த்தபோதும் முதல் சோதனை மட்டும் பிடிவாதமாக 'இருக்கிறது' என்றது. மற்ற இரண்டும் இல்லை என்றன. "உங்களுக்கு நோய் இல்லண்ணா," என்றாள் சிந்து.

"அப்ப ரத்தம் குடுக்கலாமா?"

"முடியாதுண்ணா. ரத்த வங்கியில அந்த மொதல் டெஸ்ட்லயே உங்க ரத்தம் ஒவ்வொரு வாட்டியும் நின்னுபோகும்."

வீட்டுக்கு வந்ததும் நோரா ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேலிருந்த ரேசரை எடுத்துக் கண்ணாடியருகே பழைய இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காபிக் கடையில் மஞ்சுநாத்திடம் எல்லாவற்றையும் விளக்கினார். பொறுமையாகத்தான் கேட்டான். பிறகு, "மூணுல ஒண்ணு இருக்குன்னுதே குரு?" என்றான்.

ரெமிஜியஸ் கடைக்காரரிடம், "பை-டூ," என்றார்.

இரண்டு கிளாஸ் வந்தது. அவர் தன்னுடையதைக் குடித்தார். மஞ்சுநாத் மற்றதைப் பார்த்துக்கொண்டே நின்றான். காபிமேல் ஆடை படிந்தது. பட்டறையில் சங்கு ஊதியது. ரெமிஜியஸ் அதையும் எடுத்துக் குடித்துவிட்டு உள்ளே போனார்.