சுருக்கம் விழாத குஷன்

நீங்கள் உட்காரும்போது உங்கள் எடை எங்கே இறங்குகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். வலித்தால் கொஞ்சம் நகர்ந்து உட்காருவீர்கள், அவ்வளவுதான். நான் அதை யோசிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். வேலூரில் ஒரு மெடிக்கல் பில்லிங் ஆபீஸ். அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு வீல்சேர் குஷன் வேண்டுமென்றால், அவருடைய டாக்டர் எழுதிய குறிப்பு என் ஸ்கிரீனுக்கு வரும். படித்துவிட்டு நான் கோடு நம்பர் போட வேண்டும். இடுப்பு பெல்ட்டுக்கு ஒரு கோடு, கை வைக்கும் கட்டைக்கு ஒரு கோடு, தலை சாய்க்க ஒரு கோடு. சாதாரண குஷன் என்றால் ஈ 2601. தோல் புண்ணாகாமல் காக்கிற குஷன் என்றால் ஈ 2603. உட்கார்ந்தால் உடம்பு எவ்வளவு ஆழம் அமுங்குகிறது, முக்கியமான வித்தியாசம் அதுதான். அமுங்கினால் எடை பரவும். அமுங்காவிட்டால் மொத்த எடையும் இரண்டு எலும்பு முனையில் போய் நிற்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சொல்லி என்ன பிரயோஜனம்? வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஆம்பூர் பைபாஸில் பைக்கோடு விழுந்ததிலிருந்து அப்படித்தான். ஒரு முகாமில் வீல்சேர் கொடுத்தார்கள். மேடை இருந்தது, சால்வை இருந்தது, போட்டோ எடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். குஷன் மட்டும் இல்லை. இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு ரெக்சின் துணி தொங்கும், அதுதான் சீட். நான் கேட்டதற்கு, வீட்டில் தலையணை இருக்குமே, அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் மைக் பிடித்திருந்தவர். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் பற்றி எரிகிறது.

அண்ணன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை போட்டிருந்தான். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் தூக்கி இறக்குவோம். தலையணை ஒரு வாரத்தில் அப்பளமாகிவிட்டது. அப்போதுதான் அம்மா நான் செய்கிறேன் என்றாள்.

அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல் தைக்கிற லைனில் இருபது வருஷமாக இருக்கிறாள். சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட ஆட்டுத்தோலும் ஷூவுக்குள் ஒட்டுகிற ஃபோமும் வாங்கி வந்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை. லைனில் பக்கத்து மெஷினில் உட்காரும் அக்காவும் வந்துவிட்டாள். ஷூ லைனில் ஒரே சட்டம்: சுருக்கம் விழக்கூடாது. மூக்குப் பக்கம் ஒரு சுருக்கம் தெரிந்தால் அந்த ஜோடி திரும்ப மேசைக்கு வந்துவிடும், கூடவே நாலு வார்த்தையும் வரும். அதனால் இரண்டு பேரும் தோலை ஈரப்படுத்தி, குறடால் பிடித்து இழுத்து இழுத்துப் பலகையில் ஆணி அடித்தார்கள். காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன். தவில் மாதிரி டங்கென்றது. பழுப்பு நிறம், சுற்றிலும் இரட்டைத் தையல். தெருவே வந்து பார்த்தது. நான் ஸ்டேட்டஸ் வைத்தேன்.

நான் கட்டைவிரலால் அழுத்தியும் பார்த்தேன். விரல் உள்ளே போகவில்லை. ஈ 2603 என் மண்டைக்குள் வந்தது, சத்தியமாக வந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செம டைட்டா கீதும்மா," என்றேன்.

இரண்டு வாரம். அண்ணனின் டிராயரைத் துவைக்கும்போது காசு அளவுக்கு ஒரு கறை. தோல் சாயம் இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். தோல் தொழில் நடக்கிற எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். புதுத் தோலில் வியர்வை பட்டால் சாயம் விடும், எத்தனை சாக்ஸ் பார்த்திருக்கிறோம். அம்மாவும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் உப்புத் தண்ணீரில் ஊற வை என்றாள். மூன்று நாள் டிராயரை உப்பில் ஊற வைத்துக்கொண்டிருந்தோம், அண்ணனைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் வாடை வந்தது. திருப்பிப் பார்த்தால், உட்காரும் இடத்தில் புண்.

வேலூர் ஆஸ்பத்திரியில் தெரபிஸ்ட் மேடம் குஷனையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார். கட்டைவிரலால் அழுத்தினார், நான் அழுத்திய அதே இடத்தில். "தையல் அழகா இருக்கு. ஆனா இது பலகைம்மா," என்றார். பிறகு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். மெடிக்கல் பில்லிங் என்றேன். அதில் என்ன என்றார். வீல்சேர் குஷன் என்றேன். அவர் கையுறையைக் கழற்றினார். அதற்கு நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம்.

புண் மூடும்வரை உட்காரக் கூடாது, குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மூடிய பிறகுதான் புதுக் குஷனுக்கு அளவே எடுப்பார்களாம். வீட்டுக்கு வந்ததும் என் ஆத்திரத்தையெல்லாம் அம்மா மேல் கொட்டினேன்.

"ஏம்மா அவ்ளோ டைட்டா இழுத்த?"

"லூசா வுட்டா ரிஜெக்ட்டுடி. இருபது வருசமா அதான சொல்லிக் குடுத்தானுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான படிச்சவ. நீ அன்னிக்கி இன்னா சொன்ன?" என்றாள்.

கட்டிலில் குப்புறக் கிடந்த அண்ணன் தலையைத் தூக்கினான். "ரெண்டு பேரும் பேஜார் பண்ணாதீங்க. வலிக்க வேண்டியவன் நானு, எனக்கே வலிக்கல."

அம்மா குஷனை மடியில் வைத்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். கிழித்தெறிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள், தோல் வீணாகாமல்.

மறுநாள் ஆபீஸில் ஒரு ஃபைல். அமெரிக்காக்காரர் ஒருவர், இடுப்புக்குக் கீழே அடி. டாக்டர் எல்லாம் எழுதியிருக்கிறார், உணர்வு இருக்கிறதா இல்லையா என்கிற ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டார். உணர்வு இல்லை என்று எழுதியிருந்தால்தான் 2603; அந்த வரி இல்லாவிட்டால் 2601 போட்டுத் தள்ளிவிட வேண்டும், எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. இதுவரை எத்தனை பேரை அப்படித் தள்ளியிருப்பேனோ, எண்ணவே பயமாக இருக்கிறது. இந்த முறை தள்ளவில்லை, விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். டீம் லீட் என் சீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, அந்தாளு உன் தோஸ்தா? 2601 போட்டுட்டு அடுத்த ஃபைலுக்குப் போ."

"அவருக்குப் புண்ணு வந்தா நீங்க கழுவுவீங்களா சார்?"

எச்சரிக்கை மெயில் வந்தது. வரட்டும். இப்போது அந்த மாதிரி ஃபைல் எது வந்தாலும் திருப்பி அனுப்புகிறேன், அவர் மெயில் அனுப்புகிறார். ஆனால் அமெரிக்காக்காரருக்காக நான் போடுகிற இந்தச் சண்டையை, கட்டைவிரலால் அழுத்திய அன்றைக்கு வீட்டில் ஒரே ஒரு வாக்கியமாகப் போட்டிருக்கலாம். அம்மா முகம் ஒரு நிமிஷம் வாடியிருக்கும். வாடினால் வாடட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். புண் இன்னும் மூடவில்லை. அண்ணன் குப்புறப் படுத்தபடி யாருடைய போனுக்கோ ஸ்பீக்கர் மாற்றிக்கொண்டிருக்கிறான்.