வெளிச்சம் பிடித்தவன்

என் மகளுக்கு நான் ஒரு பொய் சொன்னேன். மிகச் சிறிய பொய். அதைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டு வருடம் முட்டைகூடத் தொடாமல் இருந்தவள் ஒரு நாள், இறைச்சி சாப்பிடுவதென்றால் கொல்லுகிற பொறுப்பையும் தானே எடுக்க வேண்டும் என்று சொன்னாள். பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து, பொலிசுக்கு விண்ணப்பித்து, துவக்குக்கு லைசென்ஸ் எடுத்தாள். எசெக்ஸில் ஒரு பண்ணைக்காரர் தன்னுடைய காட்டில் பெண்மான் சுட அவளுக்கு அனுமதி கொடுத்தார். அங்கே மான்கள் பெருகி இள மரக்கன்றுகளின் பட்டையையெல்லாம் தின்றுவிடுகின்றனவாம்.

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன் நான். பொலிஸ்காரர் அவளுடைய ஃபிளாட்டுக்கு வந்து துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியைச் சோதித்துப் போன நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. பஸ் டிப்போவில் அட்டவணை போடுகிறவன், அன்றைக்கு ஒரே பஸ்ஸுக்கு இரண்டு சாரதிகளைப் போட்டுவிட்டேன்.

"முழு ஈஸ்ட் ஹாமிலயும் விசாரிச்சுப் பாருங்கோ, துவக்கு வைச்சிருக்கிற பொம்பிளைப் பிள்ளை உங்கட மகள் ஒருத்திதான்," என்றாள் மனைவி. "இதை எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரிட்டச் சொல்லுறது?"

"சொல்லுங்கோ அம்மா," என்றாள் மகள். "சீதனம் கேக்கப் பயப்பிடுவினம்."

அவள் தனியாகக் காட்டுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. துணைக்கு வருகிறேன் என்றேன்.

"துவக்கு என்னட்ட இருக்கு. துணைக்கு நீங்களோ?"

அவள் சிரித்தாள். பதினாறு வயதுக்குப் பிறகு அவள் என்னோடு எங்கேயும் வந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் தாயோடு குசினியில் கதைப்பாள், என்னிடம் பிரஷர் மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்பாள், போய்விடுவாள். அந்தச் சிரிப்போடு இதுவும் முடிந்துவிடப் போகிறது என்று தோன்றியபோதுதான் அதைச் சொன்னேன்.

"எனக்கு வேட்டை தெரியும் பிள்ளை. வன்னியில இருக்கேக்க போனனான்."

அவள் கையிலிருந்த கோப்பையை வைத்தாள். "உண்மையோ? எப்பிடி?"

"காலடி பார்த்து. நடந்து."

அவளுடைய முகம் திறந்துகொண்டதை நான் மறக்க மாட்டேன். அடுத்த வாரமே, வேட்டைக்குப் போகும் அவளுடைய நண்பர்களுக்கெல்லாம் எங்கட அப்பா காட்டில் தடம் பார்த்து மான் பிடித்தவர் என்று சொல்லியிருந்தாள்.

பெண்மான் சுடும் காலம் நவம்பரில் தொடங்கி மார்ச்சோடு முடியும். அந்தக் குளிர்காலச் சனிக்கிழமைகளில் மத்தியானம் எங்கள் வீடு இருக்கும் மனோர் பார்க்குக்குக் காரில் வந்து என்னை ஏற்றிக்கொள்வாள். முதல் நாளே என்னுடைய ஜாக்கெட்டை மணந்து பார்த்து, தோட்டத்தில் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு வாரம் காற்றில் விடச் சொன்னாள். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் வறுத்தால் அந்த மணம் மூன்று நாளுக்கு எல்லாத் துணியிலும் இருக்கும். எட்டு வயதில் அந்த மணத்துக்காகவே ஜாக்கெட் போடாமல் நடுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் அவள். இப்போது மானுக்காகக் கேட்டாள்.

"அதுக்கு மூக்கு இருக்கு, காது இருக்கு. எனக்குத் துவக்கு இருக்கு. அதின்ர பங்கை நாங்கள் பறிக்கக் கூடாது அப்பா."

ஃபெயர் சேஸ் என்பாள். நேர்மையான வேட்டை. ஓடுகிறதைச் சுடுவதில்லை. காரிலிருந்து சுடுவதில்லை. மானுக்குத் தப்பிப் போக எப்போதும் வழி இருக்க வேண்டும். மூன்று சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பிய பிறகு, மரத்தடியில் கொஞ்சம் சோளம் கொட்டி வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"ஏன், மேசை போட்டு, நாப்கினும் வைச்சுக் கூப்பிட்டுச் சுடுவமோ?"

மரத்தில் சாய்த்துக் கட்டிய இரண்டு பேருக்கான பரண் ஒன்று இருந்தது. இருட்டுவதற்கு முந்தைய இரண்டு மணித்தியாலமும் அதில் தோளோடு தோள் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேசக் கூடாது. அவள் சின்னப் புட்டி ஒன்றை அமுக்குவாள், வெள்ளைத் தூள் பறக்கும், காற்று எந்தப் பக்கம் என்று இருவரும் பார்ப்போம். அவ்வளவுதான். அவளுடைய மூச்சு எனக்குக் கேட்கும். சின்னப் பிள்ளையாக என் நெஞ்சில் கிடந்து தூங்கிய காலத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் அவள் என் பக்கத்தில் இருந்ததேயில்லை. மான் வராவிட்டால் நல்லது என்று நினைத்த நாட்களும் உண்டு. மான் வந்தால் இறங்க வேண்டும்.

பயமும் இருந்தது. சேற்றில் குளம்புத் தடம் கண்டால் குனிந்து, "இது எப்ப போனது அப்பா?" என்று கேட்பாள். நான் விரலால் தொட்டுப் பார்த்து, "காலமை" என்பேன். எனக்கு ஒன்றுமே தெரியாது. அவள் நம்பினாள்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை. தவக்காலம் என்பதால் வீட்டில் இறைச்சி இல்லை. கிடைத்தால் ஃப்ரீசரில் வைத்து உயிர்த்த ஞாயிறுக்குச் சமைப்பது என்று ஏற்பாடு. ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிக் காருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேலிப் பக்கம் கம்பி அதிரும் சத்தம் கேட்டது.

ஒரு பெண்மான். தாண்டும்போது பின்கால் மேலிரண்டு கம்பிகளுக்கிடையில் முறுகிச் சிக்கியிருந்தது. முன்னங்கால்களால் மண்ணை உதைத்துக்கொண்டு வேலியிலிருந்து தொங்கியது.

மகள் துவக்கிலிருந்து தோட்டாக்களைக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள். துவக்கை நிலத்தில் உறைமேல் வைத்தாள். பண்ணைக்காரருக்குப் போன் செய்து வேலியை வெட்ட அனுமதி வாங்கினாள். "அப்பா, ஜாக்கெட்டைக் கழட்டித் தலையை மூடுங்கோ. இருட்டாக்கினா அடங்கும்."

மூடினேன். அது அடங்கியது. துணிக்குக் கீழே அதன் கழுத்து சூடாக இருந்தது. நெஞ்சு என் முழங்கையில் அடித்தது. மகள் கம்பிக்குள் கை விட்டு, நோயாளியின் காலைப் பார்ப்பதுபோலத் தொடையிலிருந்து குளம்புவரை தடவிப் பார்த்தாள்.

"உடையேல்ல. தோல்தான் கிழிஞ்சிருக்கு."

"உடைஞ்சிருந்தா?"

"உடன சுட்டிருப்பன். அது வேட்டை இல்லை, வலியை நிப்பாட்டுறது."

பையிலிருந்த குறட்டால் கம்பியை வெட்டினாள். மான் விழுந்தது, எழுந்தது, திரும்ப விழுந்தது. பிறகு நொண்டி நொண்டி ஐம்பதடி போய் நின்றது. முழுப் பக்கமும் எங்களுக்குத் தெரியத் திரும்பி நின்றது. பின்னால், குறி தவறினாலும் தோட்டாவைத் தாங்கும் மண்மேடு. அவ்வளவு வாரமும் அவள் காத்திருந்தது அப்படி ஒரு நிலைக்குத்தான்.

"சுடு," என்றேன். "நிக்குது பிள்ளை. சுடு, சுடு." நிலத்தில் கிடந்த துவக்கைக் கையால் காட்டினேன். அவளுடைய தோளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளியும் விட்டேன்.

அவள் அசையவில்லை. மான் புதருக்குள் போனது. பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நோயாளி சொல்லும் கதையும் காலில் இருக்கும் காயமும் ஒத்துப்போகாதபோது அவள் அப்படித்தான் பார்ப்பாளாயிருக்கும்.

காரில் ரோம்ஃபோர்ட் தாண்டினோம். பிறகு, "வன்னியில எப்பிடி வேட்டையாடினனீங்கள் அப்பா?" என்று கேட்டாள்.

"அது அந்தக் காலம்," என்றேன்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே வரவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு வந்தாள். தாயோடு சிரித்துக் கதைத்தாள். என்னிடம் மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்டாள். அதற்கு முன், பெரிய வாரத்தில் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தேன். வழக்கமான பாவங்களைச் சொன்னேன், இந்தப் பொய் மட்டும் வாய்வரை வந்து நின்றுவிட்டது. ஃபாதர் மன்னித்து என்ன செய்ய? கேட்க வேண்டியவள் ஆற்றுக்கு அப்பால் இருந்தாள். அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமை மத்தியானங்களில், வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போவேன். எல்லாம் பக்கத்து வீட்டுக் கார்.

ஆகஸ்டில் ஒரு நாள் சொல்லாமல் அவளுடைய ஃபிளாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "அம்மாவுக்கு என்ன?" என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். தேநீர் போட்டாள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோதே தொடங்கிவிட்டேன்.

இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் நாங்கள் ஆறு பேர் வேட்டைக்குப் போவோம். தடம் பார்த்ததுமில்லை, துரத்தியதுமில்லை. ஒரு பழைய டிராக்டர் பேட்டரியும் விளக்கும் இருந்தன. பேட்டரியைத் தோளில் தூக்கி விளக்கைப் பிடிப்பது நான். வெளிச்சத்தில் கண் கூசி மான் அப்படியே நிற்கும், நகராது. மற்றவன் சுடுவான். பசிக்காகத் தொடங்கியது. அதற்கு நான் வெட்கப்படவில்லை, நாங்கள் தங்கியிருந்த கொட்டிலில் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் வற்றல் போடுமளவுக்கு இறைச்சி இருந்த நாட்களிலும் போனோம். மான் நிற்பதைப் பார்க்க எங்களுக்குப் பிடித்திருந்தது.

"நீங்கள் சுட்டனீங்களோ?"

"இல்லை. லைட் பிடிச்சனான்."

"காயப்பட்டு ஓடினது ஏதும்?"

இதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஒண்டு. மரை மான். பின்பக்கம் பட்டது."

"தேடினீங்களோ?"

"இல்லை. பேட்டரி இறங்கீற்றுது. நாளைக்குப் பாப்பம் எண்டு வந்திட்டம். பிறகு போகேல்ல."

அவள் குழாயைத் திறந்து கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினாள். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

"ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"உன்னோட வரோணும் எண்டு."

"கேட்டிருக்கலாமே அப்பா," என்றாள். குழாயை மூடினாள். "சும்மா, வரோணும் எண்டு கேட்டிருக்கலாமே."

கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளையிடம் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. அன்றைக்குக் கேட்டேன். இந்த வருடமும் வரலாமா என்று.

"தெரியாது," என்றாள். "அண்டைக்கு உங்கட குரலைக் கேட்டுப் பயந்துபோனன். யோசிக்கோணும்." பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தாள். பஸ் வந்தபோது என் ஜாக்கெட்டின் கொலரைச் சரிசெய்துவிட்டாள்.

இன்று ஒக்டோபர் கடைசி. அவளிடமிருந்து இன்னும் பதில் இல்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை, கேட்டால் என் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே ஓம் என்றுவிடுவாள். நவம்பர் மாதத்து என் சனிக்கிழமை ஷிப்டுகள் எல்லாவற்றையும் நேற்று வேறு ஆட்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மனைவி காரணம் கேட்டாள். முதுகு நோகுது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, பிள்ளை கூப்பிட்டாலும் கூப்பிடுவாள் என்று சொன்னேன்.