இத்தாலிக் கேக்கும் வெறும் வயிறும்

யுத்தம் முடிந்து என் தாய்மாமன் இத்தாலியிலிருந்து வரதராசன்பேட்டைப் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பியபோது அவர் சட்டையில் மெடல் எதுவும் இல்லை. பட்டாளத்தில் அவருக்குச் சமையல்கட்டு வேலை. துப்பாக்கியைத் தொட்டதைவிட முட்டை உடைத்ததே அதிகம் என்று அவரே சொல்வார். எகிப்தில் பேரீச்சம்பழம் அடைத்துச் சுடும் ரொட்டி, துரைமார் பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சுட்டுத் தின்னும் புடிங், இத்தாலியில் பெரிய நாளுக்குச் செய்யும் உலர்பழக் கேக் என்று அவர் அடுக்க அடுக்க, கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்த எனக்கு யுத்தம் என்பது ஒரு நீண்ட விருந்து என்றே பட்டது.

எட்டு வயதில் எனக்குப் புதுநன்மை. கத்தோலிக்கக் குழந்தை முதன்முதலாகக் கோயிலில் நன்மை என்னும் மந்திரித்த அப்பத்தை நாவில் வாங்கும் நாள் அது. வெள்ளைக் கவுன், காகிதப்பூ முடி, கையில் மெழுகுவத்தி. பூசை முடிந்ததும் வீட்டில் உறவுக்கெல்லாம் காலைப் பலகாரம். “எம் மருமவளுக்கு இத்தாலிக் கேக்குதான்” என்று மாமா அறிவித்துவிட்டார். சர்க்கரைக்கு ரேஷன், ஆகவே வெல்லம். உலர்பழம் கிடையாது, ஆகவே உடையார்பாளையத்து முந்திரி. மாவு பொங்குவதற்குக் கள். மண்பானைக்குள் மணல் பரப்பி, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடியின் மேலும் கொட்டாங்கச்சித் தணலைக் கொட்டினார். இத்தாலி என்ற பெயரைத் தவிர இத்தாலியில் எதுவும் அதில் மிஞ்சவில்லை.

விடியற்காலையில் மூடியைத் திறந்தார்கள். கேக் ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் அமுங்கியிருந்தது. வாசனை பிரமாதம். ருசிதான் தெரியவேண்டும், கெட்டிருந்தால் பூசைக்குப் போகுமுன் உப்புமாவாவது கிளறியாக வேண்டும். ஆனால் நன்மை வாங்குகிறவர் நள்ளிரவுக்குப் பின் பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் விரதம். இப்படிப்பட்ட நாட்களில் உப்பு பார்க்கும் உத்தியோகம், நன்மை வாங்கும் வயது வராதவள் என்ற ஒரே தகுதியால், எப்போதும் என்னுடையது.

அம்மா பழக்கதோஷத்தில் ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி, “வாயத் தொற” என்றாள். திறந்தேன். மென்றேன், விழுங்கினேன், முறைப்படி அறிக்கையும் கொடுத்தேன்.

“இனிப்பு சரியா இருக்கும்மா. லேசா கள்ளு வாசம்.”

அப்போதுதான் அம்மாவின் பார்வை என் வெள்ளைக் கவுன் மேல் விழுந்தது.

“அய்யோ, சர்வேசுரா!”

அப்பாவின் அக்காள், என் அத்தை, ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் தாடையில் கை வைத்தாள். “பெத்தவளே நன்மையக் கெடுத்தான்னு ஊரு பூரா சிரிக்கப்போவுது. அடுத்த வருசம் வாங்கிக்கட்டும், வேறென்ன?”

“ஒரு விள்ளலுக்கு ஒரு வருசமா?” என்றார் மாமா. “யாருக்குக்கா தெரியப்போவுது? பேசாம கூட்டிட்டுப் போ.”

“எனக்குத் தெரியுமேடா” என்றாள் அம்மா.

கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்பு மாட்டும் அறையில் சாமியார் இருந்தார். ஞானோபதேச வகுப்பில் செபம் ஒப்பிக்கையில் ஒரு சொல் தவறினால் முட்டிபோட வைக்கும் மனிதர். அம்மா எதையும் மறைக்கவில்லை. “எந் தப்புதாங்க சாமி. அது சின்னப் புள்ள, நான் ஊட்டினேன், தின்னுருச்சு” என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது. வெளியே மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

சாமியார் அங்கியின் கயிற்றை முடிந்துகொண்டே என்னைக் கேட்டார்: “வயிறு நெறஞ்சுதா?”

“இல்லீங்க சாமி. இத்தினியூண்டுதான்.”

“அப்ப அது சாப்பாடு இல்ல. போ, போய் வரிசையில நில்லு.”

நின்றேன். நன்மை வாங்கினேன். பிறகு வீட்டில் ஒரு முழுத் துண்டு கேக்கும் தின்றேன். அத்தை மூன்று துண்டு தின்றுவிட்டு, “கள்ளு வாசம் அடிக்குது” என்றாள். மாமா, “இத்தாலியிலயும் அப்படித்தான் அடிக்கும்” என்று கூசாமல் சொன்னார்.

அரசாங்க ஆபீசில் விதிகளோடே வாழ்ந்து ஓய்வு பெற்றவள் நான். எந்த விதிக்கு எது விலக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த விரத விதியையும் பிற்பாடு தேடிப் படித்தேன். மருந்தாக ஒரு சொட்டு உள்ளே போனாலும் விரதம் முறியும் என்றிருந்தது. வயிறு நிறைவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது தெரியாதவரா அவர்? தெரிந்தே அந்தப் பழியைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். உயிரோடு இருந்தவரை அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. அதற்கும் சேர்த்து இன்று சொல்கிறேன்.

அன்று கேள்வியை என்னிடம் கேட்ட சாமியார், பதில் சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது என்னை, பார்ப்பது அவளையா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.