ராஜாவுக்குப் பெயர் எழுதியவள்

இட ஒதுக்கீட்டுக்காக ஊர்வலமும் மறியலுமாக எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்களில் எனக்கு இரண்டே கவலைதான். கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் பார்த்துவந்த டிராயிங் டீச்சர் வேலை நிரந்தரமாக வேண்டும். பாண்டிச்சேரி வியாபாரியிடம் இருந்த மரம் எனக்குக் கிடைக்க வேண்டும்.

மரம் என்றால் படம். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை தடவி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுப்பார்கள். எச்சிங் என்று பெயர். கிளையெல்லாம் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற ஒற்றை மரம். விரலை வைத்தால் கோடு மேடாகத் தட்டும். அந்த மேட்டுக்காகவே நான் கிறுக்குப் பிடித்து அலைந்தேன்.

அந்த வியாபாரி மாதம் ஒரு சனிக்கிழமை வருவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் ரூம் எடுத்து, கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து, தகரப் பெட்டியிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். சோப்புப் போட்டுக் கை கழுவினால்தான் தொடவிடுவார். "இருபதுதாங்க எடுத்தாங்க. அப்புறம் தகட்டையே கீறிப் போட்டுட்டாங்க" என்பார், யாரோ நெருங்கிய சொந்தம் செத்த குரலில். நான் ஒருத்தி நம்பி வாங்குவேன். ஊரில் மற்றவர்கள் வந்தால், லட்சுமி படம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். என்னிடம் அப்போது பதினோரு படங்கள், கட்டிலுக்கடியில் இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே. இவளுக்கு வரதட்சணையாக இந்தக் காகிதத்தைத்தான் கொடுக்கணும் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை வந்த வியாபாரி திரும்பிப் போக முடியவில்லை. தியாகதுருகம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. லாட்ஜில் மாட்டிக்கொண்ட மனுஷர், பொழுது போகாமல் பெட்டியைத் துடைக்க உட்கார்ந்திருக்கிறார். நல்ல படங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் வைத்திருந்த பழைய தாள்கள் வெளியே வந்தன. எல்லாத் தாளிலும் ஏதோ நாடகக் கம்பெனி விளம்பரத்துக்காகக் கல்லச்சில் மலிவாக அடித்த ஒரே ராஜா. முறுக்கு மீசை, உருவிய வாள், மணிக்கட்டில் நடிகர் கழற்ற மறந்த கைக்கடிகாரம். நாடகத்தின் பெயர் எழுதுவதற்காகக் கீழே நாலு விரல் அகலம் வெள்ளையாக விட்டிருந்தது.

வாசலில் போன ஊர்வலப் பையன்கள் எட்டிப் பார்த்து, இது எங்க ராஜாதானே என்று கேட்டார்கள். வியாபாரி ராஜாவை ஒருதரம் பார்த்தார், பையன்கள் கையிலிருந்த கொடிக்கம்பை ஒருதரம் பார்த்தார், ஆமாம் என்றார். மறுநாள் அவர்களுக்கு எதிர்ப்பக்கத்துச் சாதிக்காரர்கள் வந்து அதையே கேட்டார்கள். அவர்களுக்கும் ஆமாம். எத்தனையோ வருஷமாகக் கலை கலை என்று தொண்டை வற்றப் பேசியும் என்னைத் தவிர யாரிடமும் ஒரு படம் விற்காத ஊரில், இடையில் வைத்த தாளுக்கு ஆள் வரிசையில் நின்றது.

ஆனால் ராஜாவுக்குப் பெயர் வேண்டுமே! வியாபாரி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவரவர் சீட்டில் எழுதிக் கொடுக்கிற பெயரை நான் அச்சு மாதிரி எழுதித் தர வேண்டும், கைக்கடிகாரத்தைத் தங்க மையால் காப்பாக மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் மரம் எனக்கு. நான் யோசிக்கவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ரோட்டில் மரங்களை அப்புறப்படுத்துவதற்குள் ஏழு சாதிக்கு எழுதிவிட்டேன். ஒரே ராஜா ஏழு வம்சத்தில் பிறந்து, ஏழு பெயரில் ஏழு நாட்டை ஆண்டார். சங்கராபுரத்துக்குப் போனார், மணலூர்பேட்டைக்குப் போனார், ஜீப் ஏறிக் கல்வராயன் மலைமேலும் போனார். மாட்டிக்கொள்வோமோ என்று எனக்கு முதலில் பயம்தான். வியாபாரி சிரித்தார். ஒருத்தர் வீட்டுக்குள் இன்னொருத்தர் போனால்தானே தெரியும் என்றார். அவர் சொன்னது சரிதான். கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

மரத்தைக் கண்ணாடி போட்டு நடுக்கூடத்தில் மாட்டினேன்.

அப்போதுதான் வேலையை நிரந்தரமாக்கச் சாதிச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது. பத்தே நாள் கெடு. எங்கள் சாதி எதுவென்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவீர்கள். தாத்தா காலத்தில் வேறு தாலுகாவிலிருந்து வந்தவர்கள், பக்கத்தில் சொந்தபந்தம் கிடையாது. அதனால் தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., நேரில் விசாரிக்க வந்தார். அவர் ஆட்கள் வேறு, நாங்கள் வேறு. நல்ல மனுஷர்தான். காபி குடித்தார், அப்பாவின் பழைய தாள்களைப் புரட்டினார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், மரத்த மாட்டி வச்சிக்கினு கீறீங்க? ஒங்க ஆளுங்க வூட்ல எல்லாம் ராஜா கீறாரு. நான் பாத்துக்கினுதான் வரேன்."

அது ரொம்ப அருமையான படம், இருபதே பிரதிதான் என்றேன். அவருக்கு அது இன்னும் சந்தேகமாகப் பட்டது. நாடே மரத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு குடும்பம் மரத்தைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் அதை எந்தச் சாதியில் சேர்ப்பது? அடுத்த வாரம் திரும்ப வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி டம்ளரை முற்றத்தில் எறிந்தேன். ஊருக்கெல்லாம் ராஜாவைப் பெற்றுக் கொடுத்தவள் வீட்டில் ராஜா இல்லையாம்!

நல்லவேளை, வந்தது வியாபாரி வருகிற சனிக்கிழமை; லாட்ஜுக்கு ஓடினேன். ஒரே ஒரு ராஜா மிச்சமிருந்தார். அதுவும் ஆர்.ஐ.யின் ஆட்களுக்காக நானே பெயர் எழுதி, வாங்க வராமல் கிடந்தது. பரவாயில்லை, கொடுங்கள் என்றேன். வியாபாரி ராஜாவைத் தடவிக்கொண்டே, இதுதான் கடைசிப் பிரதி என்றார், அதே சாவு வீட்டுக் குரலில். மரத்தைத் திருப்பிக் கொடுத்தால் தருகிறேன் என்றார். அடப்பாவி! நான் அழுதேன். அழுதுகொண்டே போய் மரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

பழைய பெயரைப் பிளேடால் சுரண்டி, வெள்ளை பூசி, எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்கிற பெயரை எழுதி, மரம் இருந்த ஆணியிலேயே மாட்டினேன். அம்மா அன்றைக்கே பூ வைத்துவிட்டாள்.

ஆர்.ஐ. வந்தார். ராஜாவைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. பெயரைப் படித்துத் தலையாட்டினார். பேனாவைத் திறந்தார். திறந்தவர் மறுபடி நிமிர்ந்து, முதல் தடவையாகப் பெயரை விட்டு முகத்தைப் பார்த்தார். எழுந்து கிட்டே போனார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சுரண்டிய இடத்தில் அவர் ராஜாவின் பெயர் தெரியும்.

"எங்க வூட்லயும் ஒண்ணு கீது டீச்சர். இதே மீச. இதே கண்ணு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒருவேள ரெண்டு பேரும் ஒரே வூட்டு ஆளுங்களா இருந்திருப்பாங்களோ?"

கிண்டலாகக் கேட்கவில்லை. ஒரு குழந்தையைப் போலத்தான் கேட்டார். ஆமாம் சார், ஒரே ஆள்தான் என்று சொல்ல அந்த ஊரிலேயே தகுதி உள்ளவள் நான் ஒருத்திதான். வாய்வரைக்கும் வந்தது. மேஜைமேல் என் விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

"அது எப்பிடிங்க சார் ஆவும்? எங்க ராஜா வேற, ஒங்க ராஜா வேற" என்றேன்.

"அதான" என்றார். நிம்மதியாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு பேச்சுக்காக அரசாங்கம் எனக்கு ரிட்டயர் ஆகும்வரை சம்பளம் கொடுத்தது.