அம்மனுக்கு ஒரு கரண்டிப் பால்

இதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றிகெட்டவள் ஆவேன்.

ஐப்பசி மழையில் ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் என் அக்கா இருந்த லயத்தின், அந்த வரிசை வீடுகளின் மேல் மலை சரிந்தது என்ற செய்தி வந்தபோது, நான் கண்டியில் அலுவலகக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். தொலைபேசிக் கம்பனியில் பொறியியலாளர் வேலை. எந்த டவர் விழுந்தது, எது எழும்பியது என்று திரையில் பார்ப்பதே என் தொழில். ஹுன்னஸ்கிரிய டவர் சிவப்பாகவே கிடந்தது. அக்காவுக்குப் போன் போகவில்லை.

மாரியம்மனிடம் பணிந்து கேட்க எனக்கு வராது. சண்டைதான் வரும். "எங்க அக்கா குரல எனக்குக் கேக்க வையி தாயே, ஒனக்குப் பால்குடம் எடுக்கிறேன். இல்லாட்டி ஒன் மொகத்துலயே முழிக்க மாட்டேன்" என்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள், நான் டவரைத் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் பின்னேரம் எங்கள் கம்பனி ஆட்கள் ஜெனரேட்டருக்கு டீசல் சுமந்து மலையேறி டவரை எழுப்பினார்கள். நான் அழைப்பதற்குள் அக்காவே அழைத்துவிட்டாள்.

"அழுவாதடி. எல்லாரும் கோயில் மண்டபத்துல இருக்கோம். லயந்தான் போயிருச்சு."

பாதை திறந்ததும் வழியில் குண்டசாலையில் பால் வாங்கிக்கொண்டு போனேன். மண்டபம் நிறையக் குடும்பங்கள். குடத்தைத் தலையில் வைத்துக் கோயிலை வலம் வந்தேன். சின்னப் பிள்ளைகள் குடத்தையே பார்த்தபடி பின்னால் வந்தார்கள். சன்னதியில் அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்க, அத்தனை பாலையும் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. நேர்ந்ததைக் குறைத்தால் குற்றமாகிவிடுமே என்று பயம் வேறு. பூசாரியும் வீடிழந்து அங்கேயே தங்கியிருந்தவர். ஒரு கரண்டிப் பாலை எடுத்து அம்மன் பாதத்தில் விட்டார்.

"ஆத்தாளுக்கு இது போதும்மா. மிச்சத்தக் காய்ச்சிப் புள்ளைங்களுக்குக் குடுங்க. அதுகளும் அவ புள்ளைங்கதானே."

காய்ச்சினோம். அக்காவும் நானும் ஊற்றிக் கொடுத்தோம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள், "நாளைக்கும் வருவீங்களா மிஸ்?"

நாளைக்கு எனக்கு அலுவலகம். ஆனாலும் "வருவேங்க" என்றேன். அம்மன்தான் சொல்ல வைத்தாள் என்று இன்றும் நம்புகிறேன்.

இந்தச் சனங்களோடு நிற்பதற்காக வேலையை விடுகிறேன் என்றதும் சொந்தக்காரர் எல்லோருக்கும் நான் பைத்தியக்காரி ஆனேன். என் வீட்டுக்காரர் மட்டும், "கும்புட்டுத்தான் முடிவெடுத்தியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அப்பப் போ."

இப்போது ஒரு நிவாரண அமைப்பில் இருக்கிறேன். கூடாரம், தண்ணீர்த் தாங்கி, பால்மா, அதிகாரிகளோடு சிங்களத்தில் வாக்குவாதம். என் வாய்க்கு ஏற்ற வேலை! இன்றைக்குச் சாமான் போதாதே என்று நான் கலங்கிய நாட்களில் எல்லாம் எங்கிருந்தோ ஒரு லொறி வந்து நின்றிருக்கிறது.

துன்பத்தில் இருக்கிறவர்களே, அம்மனிடம் தயங்காமல் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். நான் என் ஒரே ஒரு அக்காவைத்தான் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். அம்மன் மண்டபம் நிறைய அக்காமாரைத் தந்துவிட்டாள்.